காவலிருப்பவரின் உறக்கம்

பத்மநாபபுரம் அரண்மனையின் மணிமாளிகையில் ஒரு பழங்கடிகாரம் உண்டு. அதன் மணியோசை கோட்டை மதிலையும் கடந்து நெடுந்தொலைவு கேட்கும். நம் தமையனார் அந்த மணியை எண்ணுவார். எட்டு அடித்தால் எட்டையும் வாய்விட்டு எண்ணி, "கணக்கு சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். தக்கலையில் ஒரு துணிக்கடையில் பேரேடு எழுதிய கை அவருடையது. முத்து முத்தான எழுத்து. அக்கடையும் இன்றில்லை, அப்பேரேடும் இன்றில்லை, எண்ணிக்கை மாத்திரம் எஞ்சி நிற்கிறது.

அவருக்கு மனம் பிறழ்ந்தது 1988ஆம் ஆண்டில், இருபத்திரண்டாவது வயதில். நவராத்திரிக்குச் சரஸ்வதி விக்கிரகம் அரண்மனையிலிருந்து யானைமீது திருவனந்தபுரம் புறப்படும் நாள் அது. ஊரே வீதியில் நின்றது. நம் காக்காவோ வீட்டின் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அத்தனை பேரும் தம்மைப் பிடிக்க வந்திருப்பதாக நடுங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னரே ஒரு மாதமாக அவர் சரியாக உறங்கவில்லை என்பதும், கடைக் கணக்கில் இல்லாத பெயர்களை எழுதிவந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

அதன் பின் தீர்ப்பு வழங்காதார் எவருமிலர். செய்வினை என்றார் ஒருவர். ஜின்னின் தீண்டல் என்றார் இன்னொருவர். பெண்ணொருத்தியின் மேல் வைத்த ஆசை என்று அண்டை வீட்டில் பேச்சு. அளவுக்கு மீறி ஓதியதால் மூளை சூடேறிற்று என்று சொன்னவரும் உண்டு. காக்கா ஓதியது நம் அளவுக்குக்கூட இல்லை! 'ஊளம்பாறைக்குக் கொண்டு போங்கள்' என்று மட்டும் யாரும் நேரில் சொல்லவில்லை. சண்டையில்தான் அந்தச் சொல் நம் வட்டாரத்தில் புழங்கும். சென்னைப் பக்கத்தார் கீழ்ப்பாக்கம் என்று ஏசுவதுபோல், முன்னாளில் திருவிதாங்கூரில் அடங்கியிருந்த நாம் ஊளம்பாறை என்று ஏசிப் பழகியவர்கள். 1870ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த பின்னும் ஏச்சுமொழி எல்லை மாறவில்லை. நோயாளியைத் தாங்க வேண்டிய ஓரிடத்தின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டால், மகனை அங்கே அழைத்துச் செல்ல எந்தத் தந்தைக்குத் துணிவு வரும்? வாப்பாவுக்கு வரவில்லை. வேறு நகரத்து மருத்துவர் ஒருவரிடம் இரவோடிரவாக அழைத்துச் சென்றார். மருந்து பிடித்தது. மூன்று மாதங்களில் காக்கா மறுபடியும் கடைக்குச் சென்றார். நோய் நீங்கிற்றென்று மருந்தை நிறுத்தியவர்கள் நாங்களே. அவர் மறுபடியும் வீழ்ந்தபோது மருந்தைக் குறை கூறியவர்களும் நாங்களே.

இங்கே அரபு படித்தவனின் பழக்கத்தால் ஒரு சொல்லைச் சற்றுத் தொட்டுச் செல்கிறோம், நேயர்கள் பொறுத்தருள்க. 'மஜ்னூன்' என்னும் சொல்லின் வேர் ஜீம், நூன், நூன் என்னும் மூன்றெழுத்து. மறைதல், மூடப்படுதல் என்பது அதன் பொருள். கண்ணுக்குப் புலப்படாத ஜின்னும், கருப்பையுள் மறைந்துள்ள ஜனீன் என்னும் சிசுவும், மரங்கள் மூடிய ஜன்னத் என்னும் சோலையும், உடலை மறைக்கும் ஜுன்னத் என்னும் கேடயமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே மஜ்னூன் எனில் அறிவு மூடப்பட்டவர் என்றே கொள்ள வேண்டும். மூடப்பட்டது அழிந்துபோனது ஆகாது. இதை மாணவர்க்குப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். வீட்டுப் பின்கட்டில் இருந்தவரோடு சேர்த்து அதை நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

1993இல் வீடு தளர்ந்துவிட்டது. காக்கா இரவில் எழுந்து கோட்டை மதிலோரம் நடந்துவிடுவார். விடியும்வரை தேட வேண்டும். பெரியவர்கள் கூடி, ஒரு தர்காவை அடுத்திருந்த தனியார் விடுதியொன்றில் அவரை விடுவதென்று முடிவு செய்தார்கள். அவ்வூரின் பெயரை இங்கே எழுதவில்லை. அப்போது நமக்கு ஸனது கிடைத்து ஓராண்டு. 'மார்க்கம் படித்தவர் நீர் என்ன சொல்கிறீர்?' என்று நம்மிடமும் கேட்டார்கள். 'நல்லது நடக்கும்' என்றோம். அந்த இரண்டு சொற்களுக்கு இன்றளவும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம். நான்கு மாதங்கள் கழித்து உம்மா பார்க்கச் சென்றார்கள். மகனின் கணுக்காலில் சங்கிலி அறுத்த புண்ணைக் கண்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், புண்ணைச் சேலைத் தலைப்பால் சுற்றி, அன்றைய பேருந்திலேயே அழைத்து வந்துவிட்டார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க முடியாது. தனியார் மனநோயாளர் விடுதியொன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. எரிந்தது விடுதியேயன்றித் தர்கா அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் தர்காவை நம்பி வந்த குடும்பங்களே அவ்விடுதிகளை நிரப்பியவை. நாட்டின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றனர். வேறு பலர் உறவினரிடமே திரும்பினர். அந்த உறவினர்கள் எதனால் அவர்களை அங்கே விட்டார்கள், இனி எப்படித் தாங்குவார்கள் என்ற கேள்வி மட்டும் செய்தித்தாள்களில் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் ஏர்வாடியிலேயே துஆவுக்கு வருவோர்க்கு மனநல மருத்துவர்கள் மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது நல்ல செய்தி. தீ நேர்ந்த மறுநாள் காலை நம் உம்மா நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவராதலால், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுவே நமக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

2004இல் உம்மா மறைந்தார்கள். வாப்பா அதற்கு முன்னரே மறைந்துவிட்டிருந்தார். யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. நம் ராத்தா இளம் வயதிலேயே கணவரை இழந்து, ஒரே மகளோடு தாய்வீட்டில் இருந்தவர். இருந்தவர்மீது சுமை தானாக இறங்கிற்று. 'நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்று அவரிடம் எவரும் கேட்டதாக நினைவில்லை. நாம் கேட்கவில்லை என்பது உறுதி.

கேட்பதற்குப் பதிலாக நாம் செய்தது வேறு. ராத்தாவின் ஸப்ரைப் புகழ்ந்தோம். பெருநாளைக்கு வீடு வரும் உறவினர்களிடம் 'இந்தக் காலத்தில் இப்படியொரு பொறுமையைக் காண்பது அரிது' என்போம். மறுமையில் அவருக்குள்ள பதவியை எடுத்துரைப்போம். சொல்லிவிட்டு நம் வீட்டுக்குப் போய் நன்றாக உறங்குவோம். ஒருநாள் ராத்தா அடுக்களையிலிருந்து வெளியே வந்து, கை ஈரத்தைத் துடைத்தபடி, "தம்பி, நீ பொறுமை பொறுமைன்னு சொல்லுதே. ஒரு ராத்திரி இங்க வந்து படுத்துப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நாம் அதை எளிதாகக் கடந்துவிட்டோம்.

ஃபிக்ஹு நூல்களில் 'ஹஜ்ரு' என்றொரு பாடம். தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதவரின் உடைமையைப் பொறுப்பாளர் எவ்வாறு காக்க வேண்டும் என்பதை அது விளக்கும். அறிவு மூடப்பட்டவர்மீது தொழுகையும் நோன்பும் கடமையாகா. அவர் செய்த விற்பனை செல்லாது. அவருக்கு உணவளிக்கும் கடமை இன்னாருக்கு, அவரில்லையேல் இன்னாருக்கு என்று அறிஞர் பெருமக்கள் வரிசைப்படுத்தியுள்ளனர். திருமறை இத்தகையோர்க்கு உணவையும் உடையையும் சொல்லுமிடத்தில் இனிய பேச்சையும் சேர்த்தே விதித்துள்ளது. அருமையான ஏற்பாடு, ஐயமில்லை. நாம் அப்பாடத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறோம். செலவழிக்க வேண்டியவர் யார் என்பதில் நமக்குத் தடுமாற்றமில்லை. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவர் யார் என்று மாணவர் எவரும் கேட்டதில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் நம்மிடம் விடையில்லை.

2022இல் ராத்தா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து தேங்காய்ப்பட்டினத்தில் மகள் வீட்டில் தங்க நேர்ந்தது. நாற்பது நாள்கள். காக்காவோடு இருக்க வேண்டியவர் நாமானோம்.

அந்த நாற்பது நாள்களை முழுதும் எழுதப் புகுந்தால் இதழ் கொள்ளாது. முதல் இரவே காக்கா பதினொரு மணிக்கு எழுந்து, பன்னிரண்டுக்கு எழுந்து, இரண்டுக்கு எழுந்து, மணியை எண்ணிக் கணக்குச் சொன்னார். அவர் நடக்கும் ஒலி கேட்டால் எழ வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் விரைவாக எழ வேண்டும். வாசற்கதவின் சாவியை ராத்தா இடுப்பில் முடிந்துகொண்டு படுப்பார் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சாவி உடம்பில் உறுத்தும் என்பது அன்றிரவுதான் தெரிந்தது. குவளைகளையெல்லாம் காக்கா கவிழ்த்து வைக்கத் தொடங்கினால் நோய் தலைதூக்குகிறது என்று பொருளாம். இருபதாண்டுகளில் ராத்தா கண்டறிந்த உண்மை அது. எந்த மருத்துவரின் குறிப்பேட்டிலும் இராது. தொலைபேசியில் கேட்டுத்தான் அதை அறிந்தோம். ஒன்பதாம் நாள் மாத்திரையைத் துப்பிவிட்டார். பதினோராம் நாள் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்தோம், கண்டுகொண்டார். அதன் பின் இரண்டு நாள்கள் நம் கையால் சோறு உண்ணவில்லை. பதினான்காம் நாள் நாம் அவரை நோக்கிக் கை ஓங்கினோம். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையைப் பார்த்து அவர் தம் கணுக்காலை இழுத்துப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

பேசவும் எழுதவும் கற்ற ஒருவன் இரண்டே வாரங்களில் அந்த நிலைக்கு வந்துவிட்டான். ராத்தா இத்தனை ஆண்டுகள் என்ன ஆகியிருப்பார் என்பதை அன்று இரவு திண்ணையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம்.

அவ்வாரம் மாதாந்தர ஊசிக்காகக் காக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, மனநலப் பிரிவில் இருந்த செவிலியர் அம்மையார் அவருக்கு ஊசி போட்டு முடித்து நம் பக்கம் திரும்பி, "சாரே, நீங்க ராத்திரி எத்தன மணிக்கு ஒறங்குதீங்க?" என்று கேட்டார். நாம் நோயாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். "அவருக்கத கேக்கல்ல, ஒங்களுக்கத கேட்டேன்" என்றார். நமக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக ஒருவர் வரிசையில் நின்று கண் கலங்குவதை ஊரார் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். சோற்றில் மருந்தை மறைப்பது கூடாது, அதனால் சோற்றின்மேலும் நம்மேலும் அவருக்குள்ள நம்பிக்கை போய்விடும் என்றும் அவர் விளக்கினார். பிறகு, "வழக்கமா கூட்டிட்டு வருவாங்கள்ல, ஒங்க அக்கா, அவங்களயும் ஒருநா தனியா வரச் சொல்லுங்க, அவங்க பிரஷரப் பாக்கணும்" என்றார். எத்தனையோ மாதங்கள் காக்காவின் சீட்டை ஏந்தி அவ்வரிசையில் நின்றிருந்தார் ராத்தா. அவருக்கென ஒரு சீட்டு எழுதப்பட்டது அதன் பிறகுதான். பார்த்தபோது இரத்த அழுத்தமும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. உறக்கமின்மை ஒரு நோயென்றே அவர் கருதியிருக்கவில்லை.

இத்துறையில் அறிஞர்கள் கண்டவற்றைப் பிறகு தேடிப் படித்தோம். 1950களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பாரும் கூட்டாளிகளும் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மனநோயாளர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தாரிடமும் வாடகை விடுதிகளிலும் தங்கியவர்கள் குறைவாகவே மறுபடி நோயுற்றனராம். வியப்பன்றோ? காரணம் துருவியபோது, வீட்டாரின் ஓயாத குறைகூறலும், வெறுப்பும், எல்லை மீறிய பதற்றப் பராமரிப்பும் நோயை மீண்டும் கிளறுவதைக் கண்டனர். பின்னர் சண்டிகரில் மருத்துவர் விக், ஆங்கிலேய மருத்துவர் லெஃப் முதலியோர் 1980களில் அதே ஆய்வை நடத்தியபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் அத்தகைய குறைகூறல் அங்கிருப்பதைவிடக் குறைவென்றும், நோயாளிகளின் நிலை மேலென்றும் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு நம் பண்பாட்டின் பெருமையைப் பேசப் பலர் முன்வருவர். நமக்கோ வேறொன்று தோன்றிற்று. குறை கூறாத அந்த வாய் யாருடையது? பெரும்பாலும் ஒரு தாயுடையது, ஒரு தமக்கையுடையது, ஒரு மனைவியுடையது. அவர்கள் விழுங்கிய சொற்கள் அவர்களுக்குள் என்ன செய்தன என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

குடும்பத்தையும் சேர்த்து மருத்துவம் செய்தல் புதிய எண்ணமன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், இடப் பற்றாக்குறையிடையே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். தினமும் அவர்களைக் கூட்டி நோயைப் பற்றி எடுத்துரைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் தொடக்கத்திலிருந்தே நோயாளியோடு உறவினர் ஒருவர் உடன்தங்குவதே முறை. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதைத் தன் பணிகளில் ஒன்றாகக் கொண்டது.

நம் முன்னோர் பெருமையையும் விட்டுவிட மனமில்லை. ஹிஜ்ரி 322இல், கி.பி. 934இல், மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருங்கே வைத்துப் பேசினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி உடலிலிருந்தே எழும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டிய நுட்பத்தை இன்றைய மருத்துவர்களும் பாராட்டுகிறார்கள். 1284இல் கெய்ரோவில் எழுந்த சுல்தான் கலாவூனின் பீமாரிஸ்தானில் மனநோயாளர்க்குத் தனிப் பகுதி இருந்தது. 1488இல் எதிர்னேயில் இரண்டாம் பாயசீது கட்டிய மருத்துவமனையில் நீரூற்றின் ஒலியும் இசையும் மருந்தாயின. இவ்வளவும் மேடைகளில் நாம் முழங்கியவை. அதே கெய்ரோவில் பிற்காலத்தில் மனநோயாளர்கள் சங்கிலியில் கட்டுண்டு கிடந்ததைப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள் என்பதை மேடையில் சொன்னதில்லை. பழம்பெருமை பேசுவோர் இரண்டையும் பேசுவதே நேர்மை. 1993இல் 'நல்லது நடக்கும்' என்றபோது நமக்கு நீரூற்றுதான் நினைவிலிருந்தது.

இப்போது நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எவ்வடிவிலும் சங்கிலியிடுதலை அது தடுக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளும் அரசின் பொறுப்பு என்று சொல்கிறது. எழுத்தில் உள்ளது வீதிக்கு வர நெடுநாளாகும். இருந்தாலும் எழுத்தில் உள்ளதே ஒரு பிடிமானம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டுமென்பதில்லை, உறக்கமிழந்த உறவினரும் பேசலாம்.

அச்சட்டத்தில் நம் குடும்பத்துக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு பிரிவு. 'எனக்குப் பொறுவு இவன் என்ன ஆவான்?' என்பதே ராத்தாவின் ஓயாத கேள்வி. அதற்கு நாங்கள் பல கூட்டங்கள் கூடினோம். நம் பெயரைச் சொன்னார்கள். நம் மகன் பெயரைச் சொன்னார்கள். வெளிநாட்டிலுள்ள மைத்துனர் பணம் அனுப்புவதாகச் சொன்னார். செவிலியர் அம்மையார் கேட்டுவிட்டு, "அவருட்ட கேட்டீங்களா?" என்றார். மனநோயுற்றவர் தமக்கான பிரதிநிதியைத் தாமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம் என்று சட்டமே சொல்கிறதாம். முப்பத்தைந்து ஆண்டுகளில் காக்காவிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது.

அவர் யார் பெயரைச் சொல்வார் என்று நாம் ஊகித்துத்தான் வைத்திருந்தோம். இப்போது வியாழன், வெள்ளி இரவுகளில் ராத்தாவை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாமே அங்குத் தங்குகிறோம். ஆகவே நம் பெயராக இருக்கும் என்று ஓர் எண்ணம். மறைப்பானேன், விரும்பவும் செய்தோம்.

அதைச் சொல்லுமுன் 2006ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராத்தாவின் மகளைப் பெண்பார்க்க வந்தார்கள். மனநோயாளர் உள்ள குடும்பம் என்று தெரிந்தால் சம்பந்தம் கைகூடாது. காக்காவை மாடியறையில் வைத்துப் பூட்டும்படி சொன்னவர் நாம்தான். மணமகன் வீட்டார் ஹால்வாவும் தேநீரும் அருந்திக்கொண்டிருக்கையில் மணிமாளிகையில் நான்கு அடித்தது. மேலேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல் வந்தது. அந்தப் பெண்தான், பத்தொன்பது வயதுச் சிறுமி, தலை நிமிர்ந்து, "எங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சம்பந்தம் எப்படியோ முறியாமல் நின்றது, மாப்பிள்ளை நல்லவர்.

தாளையும் பேனாவையும் கொடுத்ததும் காக்கா நெடுநேரம் தாளின் ஓரங்களைச் சரிபார்த்தார். மேலே தேதியிட்டார். இடப்புறம் பேரேட்டில் விடுவதுபோல் ஓரம் விட்டார். பிறகு அந்த முத்தான எழுத்தில் மருமகளின் பெயரை, அவள் வாப்பாவின் பெயரோடு, வீட்டு முகவரியோடு பிழையின்றி எழுதிக் கையொப்பமிட்டார். முகவரி அவருக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் எவருக்கும் விளங்கவில்லை. ராத்தா தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மறுபடியும் பார்த்தார்.

மாலையில் தேங்காய்ப்பட்டினத்துக்குப் பேசினோம். பொறுப்பு பெரியது, மறுப்பதற்கு உரிமையுண்டு, யோசித்துச் சொல்லலாம் என்றெல்லாம் விரித்துரைத்தோம். ராத்தாவிடம் ஒருநாளும் கேட்காததை அவளிடமாவது கேட்க வேண்டுமென்பது நம் எண்ணம். அவள் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, மாமாவுக்கு எந்த நாளில் ஊசி, எத்தனை மாத்திரை, இரவில் எத்தனை முறை எழுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாரத்துக்கு இரண்டு இரவுகளைச் சின்ன மாமாவாகிய நாம் தொடர்ந்து ஏற்பதாயின் ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். நிபந்தனையை எழுதித் தர வேண்டுமென்றும் கேட்டாள். காக்கா விட்டுவைத்த ஓரத்துக்குக் கீழே, அதே தாளில், நாமும் எழுதிக் கையொப்பமிட்டோம்.